முரசுக்கும் வேருக்கும் நடுவே ஒரு திரை

உம்மும்மாவின் கீழ்ப் பல்லொன்று ஆடியது. "வயசு போனா பல்லும் போகும்தானே" என்று பேசாமலிருந்தார். பல் வைத்தியர் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். பல்லில் சூத்தையே இல்லை. அதைத் தாங்கும் எலும்புதான் கரைந்திருந்தது. கரைந்ததை மீண்டும் வளர்க்க முடியாதா? உயிரியல் மாணவியான நான் தேடிப் படித்தேன்.

பல் எலும்போடு ஒட்டியிருப்பதில்லை. நுண்ணிய நார்கள் இரண்டையும் பிணைக்கின்றன. முரசு நோயில் நார்களும் எலும்பும் அழிகின்றன. வேரைச் சுத்தம் செய்தால் காயம் ஆறும். ஆனால் முரசின் மேலணிக் கலங்கள் வேகமாகப் பெருகி, வேரோரமாக இறங்கி, இடத்தைப் பிடித்துவிடும். நாரை உருவாக்கும் கலங்களோ மெதுவானவை. அவை வரும்போது இடமிருக்காது.

1982இல் சுவீடனின் ஸ்டூரே நீமன் குழுவினர், எப்படியும் பிடுங்கவிருந்த ஒரு பல்லில், முரசுக்கும் வேருக்கும் நடுவே ஆய்வுகூட வடிதாளைத் திரையாக வைத்தனர். மூன்று மாதங்களின் பின் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, வேரில் புதிய சீமெந்துப் படையும் அதில் பதிந்த நார்களும் தெரிந்தன. புதிதாக எதையும் ஊட்டவில்லை, முந்துபவரைத் தடுத்தார்கள், அவ்வளவுதான்! எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

இன்று தானே கரையும் கொலாஜன் திரைகளும் உண்டு. ஆனால் ஒடுங்கிய, ஆழமான குழிகளில்தான் நல்ல பலன். எலும்பு மட்டமாகக் கரைந்திருந்தால் பயன் குறைவு.

உம்மும்மாவுக்கு மட்டமாகத்தான் கரைந்திருக்கிறது. இருப்பதைக் காக்க மூன்று மாதத்துக்கொருமுறை துப்புரவு செய்ய வேண்டுமாம். வெற்றிலைப் பெட்டியை அலுமாரி மேலே வைத்துவிட்டோம். இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.