ஆடிக் கடலுக்குப் போகிறவனுக்கு

பாளையங்கோட்டை

அன்புள்ள கார்த்திக்கு,

அத்தை எழுதுவது. நீயும் உன் ஆபீஸ் நண்பர்களும் ஜூலைக் கடைசியில் தாய்லாந்துக்குக் கிளம்புவதாக அண்ணி போனில் சொன்னார். புக்கெட், கிராபி என்று பெயரெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தார். டிக்கெட்டும் ஹோட்டலும் பாதி விலைக்குக் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் பெருமையாம். ஏன் பாதி விலைக்குக் கிடைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை போலிருக்கிறது. வாட்ஸாப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் தபாலில் அனுப்புகிறேன்.

அண்ணிக்கு இருக்கிற பயமெல்லாம் வேறு. அங்கே தேளையும் வெட்டுக்கிளியையும் வறுத்து விற்கிறார்களாமே, பிள்ளை எதைச் சாப்பிடுவான் என்று கேட்கிறார். எனக்கு அந்தக் கவலை துளியும் கிடையாது. கேஷுவாலிட்டியில் நர்ஸாக இருந்தவள் நான். சுற்றுலா போய் அடிபட்டு வந்தவர்களைக் கட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அவர்களில் யாரும் புதுமையான ஒன்றில் மாட்டி வந்ததில்லை. வண்டி, தண்ணீர், நாய், குடி. ஊரில் இந்த நாலிலும் உஷாராக இருக்கிற பையன்தான் லீவு போட்டு விமானம் ஏறியதும் ஹெல்மெட்டைக் கழற்றுகிறான். அந்த இளப்பம்தான் எனக்குப் பயம்.

முதலில் விலை சங்கதி. குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருகிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் மே முதல் அக்டோபர் வரை புக்கெட்டின் மேற்குக் கரையிலும் அடிக்கிறது. நீங்கள் போகப்போகிற பட்டாங், கரோன், கட்டா கடற்கரைகள் எல்லாம் அந்தக் காற்றை நேருக்கு நேர் வாங்குகிற பக்கம். அப்போது அலை பெரிதாவதோடு நிற்காது. கரைக்கு ஏறிய தண்ணீர் மறுபடி கடலுக்குள் போக ஒரு வழியைப் பிடித்துக்கொள்ளும். அதில் இறங்கியவனைக் கண்மூடித் திறப்பதற்குள் ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். கரையிலிருந்து பார்த்தால் அந்த இடம்தான் சாதுவாகத் தெரியும். இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் நுரையில்லாமல் சற்றுக் கருத்த தண்ணீர். 'இங்கே அலையே இல்லை, வாங்கடா' என்று உங்களில் ஒருவன் கூப்பிடுவான். அவனையும் பிடித்து மணலில் உட்கார வை.

சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் ஆழத்துக்குக்கூட இறங்க வேண்டாம். சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் இரண்டு நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவில் மட்டும் குளிக்கலாம். உயிர்காப்பாளர்கள் கண்காணிக்கிற இடம் அது. எல்லாவற்றையும் மீறி இழுத்துவிட்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதே. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் உயிரை விடுவது அப்படித்தான். கரையை நோக்கியே அடித்து அடித்துத் தெம்பு தீர்ந்துபோகும். மல்லாந்து மித, கையைத் தூக்கிக் காட்டு. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்து, அந்த அலையோடு கரையேறு. நீ தாமிரபரணியில் நீந்தப் பழகியவன். ஆற்றில் இதைக் கற்றுக்கொள்ள வழியில்லை.

படகு விஷயமும் அப்படித்தான். 2018 ஜூலை 5 அன்று, தீவைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிய 'ஃபீனிக்ஸ்' என்ற படகு புக்கெட்டுக்குப் பக்கத்திலேயே புயலில் மூழ்கி 47 பேர் இறந்தார்கள். எல்லோரும் சீனாவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள். கடல் கொந்தளிக்கும் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்த நாள் அது. சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை அந்த நாட்டு அரசே மூடிவைக்கிறது. அதனால் ஃபி ஃபி தீவுக்குக் கட்டிய பணம் போய்விடுமே என்பதற்காகக் கறுத்த வானத்தின் கீழ் ஸ்பீட்போட்டில் ஏறாதே. லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொள்ளாமல் மாட்டிக் கொக்கி போட்டு உட்கார். என்னைக் கேட்டால், டிக்கெட்டை இன்னும் மாற்ற முடியுமென்றால் அந்த நாட்டின் கிழக்குப் பக்கம் சமுய் தீவுக்குப் போகலாம். ஜூலையில் அந்தப் பக்கத்துக் கடல் பொதுவாகச் சாதுவாகவே இருக்கும். அங்கே பெருமழை அக்டோபருக்குப் பிறகுதான்.

அடுத்தது ஸ்கூட்டர். கடலைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை. அங்கேயும் நம்மைப் போலச் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். வாடகையும் குறைவு. அதனால் நம் பையன்களுக்குச் சொந்தத் தெருவில் ஓட்டுகிற தைரியம் வந்துவிடுகிறது. தாய்லாந்தில் சாலை விபத்தில் இறப்பவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு இருசக்கர வண்டிக்காரர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பட்டாங்குக்குப் போகிற மலைச்சாலை ஏற்றமும் வளைவுமாக இருக்கும். மழை தூறி ரோடு வழுக்குகிற நேரத்தில் பின்னால் ஒருவனை ஏற்றிக்கொண்டு அதில் இறங்குவது வீரமில்லை.

ஓட்டியே ஆகவேண்டும் என்றால் இப்போதே ஆர்.டி.ஓ. ஆபீஸில் பன்னாட்டு ஓட்டுநர் பெர்மிட் வாங்கிவிடு. ஒரு வருஷம் செல்லும். உன் லைசன்ஸில் கார் மட்டும் இருக்கிறதா, இருசக்கர வண்டியும் இருக்கிறதா என்று முதலில் பார். கார் மட்டும் இருந்தால் பெர்மிட்டும் காருக்குத்தான். கடைக்காரன் எதையும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடுவான். கேட்கப்போவது கால் உடைந்த பிறகு இன்ஷூரன்ஸ்காரர்கள். உரிய லைசன்ஸ் இல்லை, ஹெல்மெட் இல்லை, ரத்தத்தில் மது இருந்தது என்று இந்த மூன்றில் ஒன்றைக் காட்டினாலே பெரும்பாலான பாலிசிகள் கையை விரித்துவிடும். அங்கத்திய தனியார் ஆஸ்பத்திரிகளில் தரம் நன்றாக இருக்கும், பில்லும் அதற்கேற்றபடி இருக்கும். பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்கிற கடையில் வண்டி எடுக்காதே. நகலும் டெபாசிட்டும் வாங்கிக்கொள்கிற கடை அடுத்த தெருவிலேயே இருக்கும். வண்டியை எடுக்குமுன் கீறல்களை எல்லாம் சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்துக்கொள்.

அரை டிராயரோடு வண்டியில் ஏறி இறங்குகிறவர்களுக்கு வலது கெண்டைக்காலின் உள்பக்கம் சைலன்சர் சுடும். உள்ளங்கை அகலத்துக்கு முதலில் சிவந்து, கொஞ்ச நேரத்தில் கொப்புளம் கட்டும். உடனே குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷம் காலை நீட்டு. ஐந்து நிமிஷத்தில் எரிச்சல் அடங்கிவிட்டது என்று எடுத்துவிடாதே. பேஸ்ட், மாவு, இங்க், காபித்தூள் என்று நம் ஜனங்கள் எதையெல்லாமோ அப்பிக்கொண்டு வருவார்கள். அதைச் சுரண்டி எடுக்கும்போது அவர்கள் போடுகிற கூச்சலில்தான் எங்களுக்குப் பாதி வேலை ஓடும். கொப்புளத்தை உடைக்காதே, புண் ஆறும்வரை அந்தக் காலோடு கடலில் இறங்காதே. டி.டி. ஊசி கடைசியாக எப்போது போட்டாய் என்பது நினைவில் இல்லையென்றால் இங்கேயே ஒன்று போட்டுக்கொண்டு போ.

குரங்கு சங்கதிக்கு வருகிறேன். புக்கெட்டில் குரங்கு மலை, ஃபி ஃபியில் குரங்குக் கடற்கரை என்று இடங்களே இருக்கின்றன. வாழைப்பழத்தை நீட்டி செல்ஃபி எடுக்கப் போய்த்தான் கடி வாங்குகிறார்கள். குரங்கோ நாயோ பூனையோ, பல் பட்டாலும் நகம் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போய்விட வேண்டும். ஊருக்குத் திரும்பிப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடக் கூடாது. வெறிநோய் வந்துவிட்டால் பிழைக்க வைக்க எங்களிடம் மருந்தில்லை. மருந்தின் பெயரும் தேதியும் எழுதிய சீட்டைக் கையோடு வாங்கி வா. மிச்ச ஊசிகளை இங்கே அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் போட்டுவிடுவார்கள்.

குடிக்காதே என்று எழுதினால் நீ கேட்கப்போவதில்லை, எனக்கும் பொய்யாக எழுத வராது. வாளியில் கலந்து தருவதையும், இலவசமாக ஊற்றித் தருவதையும் தொடாதே. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால். அதே ஆண்டு நவம்பரில், தாய்லாந்துக்கு அடுத்த நாடான லாவோஸில் வாங் வியெங் என்ற ஊரில் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேரைக் கொன்றதும் அதுதான். விடிந்த பிறகு கண் மங்கலாகத் தெரிந்தால் அதைப் போதை என்று நினைத்துப் படுத்துவிடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு. ஈ-சிகரெட் அங்கே சட்டவிரோதம், பையில் இருந்தாலே வம்பு. இன்னொருவர் கொடுக்கிற பொட்டலத்தை, அது ஊறுகாய் என்றாலும், சென்னைக்குச் சுமந்து வராதே.

வயிற்றுக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலு போதும். பகலில் கடிக்கிற கொசுதான் டெங்குவைப் பரப்புவது. ஊருக்கு வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் அடித்தால் பாராசிட்டமால் மட்டும் போட்டுக்கொண்டு, தாய்லாந்து போய் வந்தேன் என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல். 1669 அங்கே ஆம்புலன்ஸ், 1155 சுற்றுலாப் போலீஸ். இரண்டையும் நண்பர்கள் எல்லோரும் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

டிராவல் இன்ஷூரன்ஸை டிக்கெட்டோடு சேர்த்து டிக் அடித்து வாங்கியிருப்பாய், படித்திருக்க மாட்டாய். அதில் விலக்குகள் என்று ஒரு பக்கம் இருக்கும். இருசக்கர வண்டிக்கும் கடல் விளையாட்டுக்கும் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் படமெடுத்து எனக்கு அனுப்பு. அது வந்த பிறகுதான் அண்ணியிடம் கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொல்வேன்.

அன்புடன்,
அத்தை