கொரியாவில் ஆங்கில ஆசிரியர் வேலை

நம் வீட்டுப் பட்டதாரிப் பெண்களும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் விஷயம் இது. தென் கொரியா 1995இல் 'எபிக்' என்ற திட்டத்தைத் தொடங்கி, அரசுப் பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களைச் சேர்த்து வருகிறது. அமெரிக்கா, பிரிட்டன், தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட ஏழு நாட்டவருக்கான திட்டம் அது. இந்தியருக்கு வழி வேறு. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தப்படி, பட்டத்தோடு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியத் தகுதிச் சான்றும் உள்ளவர், பள்ளிகளில் உதவி ஆசிரியராகச் சேர விசா பெறலாம். வாசல் குறுகலானதுதான். "சரளமாகப் பேசினால் போதும், பி.எட். வேண்டாம்" என்று சொல்லும் ஏஜெண்டை நம்பாதீர்கள்.

பட்டச் சான்றிதழில் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை வேண்டும். அதற்குமுன் பட்டம் வாங்கிய மாநிலம் அதைச் சரிபார்ப்பது வழக்கம். மதுரையில் படித்து நாக்பூரில் குடியிருப்பவர் சான்றிதழைச் சென்னைக்கு அனுப்ப நேரும், நாள் பிடிக்கும். (லாமினேட் செய்து வைத்திருந்தால் தொல்லை இன்னும் அதிகம்!) காவல்துறை நற்சான்றுக்கு மட்டும் ஊருக்குப் போக வேண்டாம், இங்குள்ள பாஸ்போர்ட் அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவுபெற்ற ஏஜெண்ட் வரி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. பணம் கட்டுமுன் பதிவு எண்ணைக் கேளுங்கள், ரசீதும் வாங்குங்கள்.