ஒருங்கு கூடும் தொழிலறிவு

மதுரை மாநகரைச் சுற்றிப் பார்த்த கோவலன் கண்ட வீதிகளைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை எடுத்துரைக்கின்றது. மணிகளுக்கு ஒரு வீதி, பொன்னுக்கு ஒரு வீதி, துணிக்கு ஒரு வீதி, கூலத்திற்கு ஒரு வீதி என அவை தனித்தனியே விளங்கின. மணிகளின் குணமும் குற்றமும் அக்காதையில் விரித்துரைக்கப்படுகின்றன. ஒரே பொருளை விற்போர் தம்முள் போட்டியாளர் அல்லரோ? அவர்கள் விலகி நில்லாது ஒரே வீதியில் கூடியது ஏன்? மாணவர்காள்! இவ்வினாவிற்கு விடை காணத் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் வரை சென்று வருவோம்.

போடி, ஏலக்காய் வாணிகத்திற்குப் பெயர் பெற்ற நகர். ஆயினும் ஏலம் மிகுதியாக விளைவது அந்நகரில் அன்று. மலைமேல், கேரளத்து இடுக்கி மாவட்டத்தில். அங்கிருந்து போடிமெட்டு வழியாக இறங்கும் பாதை இந்நகரை அடைகின்றது. 1928ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து புகைவண்டிப் பாதையும் வந்தது. பாதைகள் வாணிகத்தைக் கொணர்ந்தன. அதனை வேரூன்றச் செய்தது மக்களின் தொழிலறிவு.

ஏலக்காயின் விலை எடையை மட்டும் பொறுத்ததன்று. மங்காத பசுமை, காயின் பருமை, ஒரு லிட்டர் அளவையில் கொள்ளும் காயின் எடை, மணம் ஆகிய யாவும் விலையை வரையறுக்கும். பருமையைச் சல்லடை பிரித்துவிடும். நிறம் மங்கியதையும் வாய் பிளந்ததையும் கண்டு நீக்கப் பழகிய கண்ணும் கையும் வேண்டும். அவ்வேலையில் தேர்ந்த பெண்டிர் பலர் இந்நகரில் உளர். இவ்வறிவை ஏட்டில் எழுதி முற்றும் உணர்த்தல் அரிது. வல்லார் அருகிருந்து கண்டும் கேட்டுமே கற்றல் வேண்டும். எனவே, வல்லார் உள்ள இடத்தை வணிகர் நாடுகின்றனர். வணிகர் உள்ள இடத்தை வேலை நாடுவோர் அடைகின்றனர். ஆங்கிலப் பொருளியல் அறிஞர் ஆல்பிரடு மார்ஷல், கத்தித் தொழிலிற் சிறந்த ஷெபீல்டு போன்ற நகரங்களைச் சுட்டி, 1890இல் வெளியிட்ட நூலில் இவ்வுண்மையை விளக்கினார். கணினித் தொழிலகங்கள் பெங்களூரிலும் சென்னைத் தரமணியிலும் நெருங்கியிருப்பதற்கும் இஃது ஒரு காரணமாகும்.

ஏலத்தை ஏலமிடும் முறையும் காலத்திற்கேற்ப மாறியுள்ளது. 2007இல் நறுமணப் பொருள்கள் வாரியம் மின்னணு ஏலத்தைத் தொடங்கியது. 2021 முதல், போடியில் அமர்ந்தவரும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியில் அமர்ந்தவரும் ஒரே வேளையில் விலை கேட்க வழி பிறந்தது. தொலைவு குறைந்தது, தொழிலறிவின் தேவை குறைந்ததா? இல்லை. விலை கூறுமுன் வணிகர் மாதிரிக் காயைக் கையில் எடுத்து ஆராயவே செய்கின்றனர்.

முதியோர் பெற்ற இவ்வறிவை இளையோர் கற்றுக்கொள்ளாவிடின், கடைகள் நிற்பினும் அவற்றின் சிறப்பு நில்லாது. எனவே, மாணவர்காள்! நும் ஊரிலும் ஒரு தொழில் செழித்த வீதி இருக்கலாம். அங்குச் சென்று, தேர்ந்த ஒருவரிடம் பணிவுடன் வினவுங்கள். அவர் கூறுவதைக் கருத்தூன்றிக் கேளுங்கள். நீங்கள் அத்தொழிலை மேற்கொள்ளாவிடினும், அவரது உழைப்பின் அருமையை உணர்வீர்கள்.