முப்பது லட்சம் மைல் ஓடிய கார்

ஒரு காரின் ஆயுள் எவ்வளவு? இவ்வினாவை நம் இல்லங்களில் எழுப்பினால் பத்து ஆண்டு என்பார் சிலர். பதினைந்து என்பார் சிலர். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டால் நல்ல விலைக்குத் தள்ளிவிடுவதே அறிவுடைமை என்பர் இளைஞர். இவ்விடைகளை எல்லாம் பொய்யாக்கிய கார் ஒன்று அமெரிக்க நாட்டில் ஓடியது. அது எவ்வாறு இயன்றது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டுப் பகுதியில் வாழ்ந்த இர்வ் கோர்டன் என்பவர் 1966ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் சிவப்பு நிற வோல்வோ பி1800எஸ் காரை வாங்கினார். அவர் ஓர் அறிவியல் ஆசிரியர். (இச்செய்தியைப் படித்தபோது எனக்கு உண்டான பெருமிதத்தை, ஆசிரியத் தொழிலில் இருந்தோர் உணர்வர்.) விலை 4,150 டாலர்; ஏறத்தாழ அவருடைய ஓராண்டுச் சம்பளம். வாங்கிய அந்த வார இறுதியிலேயே 1,500 மைல் ஓட்டிவிட்டு, திங்கட்கிழமை முதல் சர்வீசுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாராம்.

அக்கார் 1987இல் பத்து லட்சம் மைலையும், 2002இல் இருபது லட்சம் மைலையும் கடந்தது. 2013 செப்டம்பர் 18ஆம் நாள் அலாஸ்காவில் முப்பது லட்சம் மைலை எட்டியது. வணிக நோக்கமின்றி ஒரே உரிமையாளர் மிக அதிகத் தொலைவு ஓட்டிய கார் என்று கின்னஸ் நூலும் பதிவு செய்தது.

இத்தொலைவை மனக்கண்ணால் காணச் சிறு கணக்கு ஒன்று போடுவோம். பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். எனவே முப்பது லட்சம் மைல் என்பது 48 லட்சத்து 27 ஆயிரம் கிலோமீட்டர். நிலநடுக்கோட்டின் வழியே உலகைச் சுற்றினால் 40,075 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் அக்கார் உலகை 120 முறை வலம் வந்ததற்குச் சமம். 47 ஆண்டுக்கும் மேலான நாள்களால் வகுத்தால், நாள் ஒன்றுக்குச் சராசரியாக 280 கிலோமீட்டர்.

இவ்வளவு ஓட்டியும் கார் எப்படித் தேயாமல் இருந்தது என்று வியக்கிறோம். உண்மையில், அவ்வாறு ஓட்டியதும் அது நீடித்ததற்கு ஒரு காரணமாகும். இதனைச் சற்று விளக்க வேண்டும்.

இஞ்சினுக்குள் உலோகம் உலோகத்தின் மீது உராய்கிறது. இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை தேய்மானம் மிகக் குறைவு. இரவு முழுதும் கார் நின்றால் எண்ணெய் வடிந்து அடித்தொட்டிக்குச் சென்றுவிடும். காலையில் சாவியைத் திருப்பியதும், எண்ணெய் மேலேறிப் பரவும்வரை சில நொடிகள் உறுப்புகள் போதிய எண்ணெயின்றி உராய்கின்றன. அது மட்டுமன்று. பெட்ரோல் எரியும்போது புகையோடு நீராவியும் உண்டாகிறது. இஞ்சின் நன்கு சூடேறினால் அந்நீர் ஆவியாகி வெளியேறும். சூடேறுமுன்னரே காரை நிறுத்திவிட்டால், அந்நீரும் எரியாத பெட்ரோலும் எண்ணெயோடு கலந்து அதனைக் கெடுக்கும், அமிலத்தன்மையும் சேரும். கோர்டன் பள்ளிக்குச் சென்று திரும்ப நாள்தோறும் 125 மைல் ஓட்டினார். ஒரு முறை கிளப்பினால் நெடுந்தூரம் சீரான வேகத்தில் செல்வார்.

நம் நிலை இதற்கு நேர்மாறானது. கடைத்தெருவுக்கு ஒரு கிலோமீட்டர். திருமணத்திற்கு என்று மாதம் ஒரு முறை. மற்ற நாள்களில் உறை போர்த்தி நிறுத்திவைக்கிறோம். மீட்டரில் 30,000 கிலோமீட்டரே காட்டும் பத்தாண்டுக் காரைப் 'புதிது போல் இருக்கிறது' என்று மகிழ்கிறோம். அதன் பாட்டரி சோர்ந்திருக்கும். ரப்பர்க் குழாய்கள் வெடித்திருக்கும். எலி ஒயரைக் கடித்திருக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை தாழ்ந்து, மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் பிடிக்காமற்போகும் ஆபத்து உண்டு. ஆகவே ஓடாத காருக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அதனை மாற்றுதல் நலம். கிலோமீட்டரை மட்டும் பார்த்துப் பராமரிப்போர் இதனை மறந்துவிடுகின்றனர்.

கோர்டன் செய்தவற்றில் மந்திரம் ஏதுமில்லை. காருடன் வந்த கையேட்டைப் படித்தார். அதில் சொன்னபடி நடந்தார். 3,000 முதல் 3,500 மைலுக்குள் இஞ்சின் ஆயிலையும் பில்டரையும் மாற்றினார். இக்கணக்கில் முப்பது லட்சம் மைலுக்கு 850 முறைக்கு மேல் ஆகிறது! அக்கால எண்ணெய்க்கு அது பொருத்தமான அளவு. இக்காலக் காருக்கு அதன் கையேடு கூறும் அளவே போதும். பிறர் காதில் விழாத சிறு ஓசையும் அவர் காதில் விழுந்தது, விழுந்தவுடன் கவனித்தார். இஞ்சினை முதன்முறையாகப் பிரித்துப் புதுப்பித்தது 6,80,000 மைலுக்குப் பின்னரே, அதாவது ஏறத்தாழ 11 லட்சம் கிலோமீட்டருக்குப் பின்னர்.

இஞ்சினின் அமைப்பும் உதவியது என்பதை மறைக்கலாகாது. நான்கு சிலிண்டர் கொண்ட அந்த இஞ்சினில் கிராங்க் தண்டினை ஐந்து இடங்களில் பேரிங்குகள் தாங்குகின்றன. வால்வுகளை இயக்கும் தண்டினைச் சுழற்ற ரப்பர் பெல்ட் இல்லை, பற்சக்கரங்களே உள்ளன. இன்றைய கார்கள் சிலவற்றில் அவ்விடத்தில் பெல்ட் உண்டு. அது அறுந்தால் பல இஞ்சின்களில் பிஸ்டன் வால்வுகளின் மேல் மோதிப் பெருஞ்செலவு வைக்கும். உங்கள் காரில் இருப்பது பெல்ட்டா, சங்கிலியா என்று மெக்கானிக்கிடம் இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கிரேக்க நாட்டு டாக்ஸி ஓட்டுநர் கிரிகோரியோஸ் சச்சினிடிஸ் என்பவரின் 1976ஆம் ஆண்டு மெர்சிடிஸ் டீசல் கார் 46 லட்சம் கிலோமீட்டர் ஓடி, 2004இல் அந்நிறுவனத்தின் காட்சியகத்தைச் சேர்ந்தது. அவர் இஞ்சின்களை மாற்றி மாற்றிப் பொருத்தி ஓட்டினார். அப்படியானால் அதை அதே கார் எனலாமா என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். நல்ல வினா! மேல்நிலை வகுப்பு மாணாக்கருக்கு விவாதப் பொருளாகக் கொடுக்கலாம். பழுதான உறுப்பை உரிய காலத்தில் மாற்றுவதே பராமரிப்பு என்பது என் கருத்து. எதையும் மாற்றாமல் ஓட்டுவது கஞ்சத்தனம்.

பழைய காரை வைத்திருப்பது எக்காலும் சிறப்பு என்றும் கூறமாட்டேன். 1966ஆம் ஆண்டுக் காரில் புகையைத் தூய்மைப்படுத்தும் கருவியோ, மோதலின்போது விரியும் காற்றுப் பையோ கிடையாது. கரும்புகை கக்கும் வண்டியைத் 'தாத்தா வாங்கியது' என்று நெரிசல் மிக்க தெருவில் ஓட்டுதல் முறையன்று. எனினும், நல்ல நிலையிலுள்ள காரைப் புதிய மாடல் வந்துவிட்டது என்பதற்காகவே கழிப்பது வீண். புதுக் கார் செய்ய வேண்டிய இரும்பும் அலுமினியமும் மண்ணிலிருந்து எடுக்கப்படுபவை அல்லவா?

நம் நாட்டில் சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் வாகனம் தகுதியுடையதெனச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பிக்கச் சட்டம் இடமளிக்கிறது. சில நகரங்களில் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. அச்சோதனைக்கு முந்திய வாரம் அரக்கப்பரக்கச் செலவழிப்போரே மிகுதி. நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் காரிலேயே வைத்து, தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, கொடுத்த தொகை ஆகிய நான்கையும் எழுதிவந்தால் அவ்வாரத்தில் பரபரப்பு இராது. எழுதும் பொறுப்பை வீட்டில் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளையிடம் விடலாம்.

கோர்டன் தமது 78ஆம் வயதில், 2018 நவம்பரில், சீனாவுக்குச் சென்றிருந்தபோது காலமானார். அதற்குள் அவருடைய கார் 32 லட்சம் மைலையும் கடந்திருந்தது.