மலையில் பெய்யும் மழையும் வீட்டின் முன்னேற்பாடும்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் வெள்ளம் என்பது பெரும்பாலும் நம் வயலில் பெய்த மழையால் வருவதன்று. மேற்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையில் பெய்த மழையே கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் இறங்கி வருகிறது. ஊரில் வெறுந்தூறல் விழும் இரவிலும் ஆறு கரைபுரண்டு ஓடுவதற்கு இதுவே காரணம். ஆதலால் நம் குடியானவர்கள் தம் தலைக்கு மேலுள்ள வானத்தைக் காட்டிலும் மேற்குத் திசையின் வானத்தையே உற்றுக் கவனித்தல் வேண்டும்.

“அணை கட்டியாயிற்று, இனி என்ன பயம்?” என்று கேட்போர் உண்டு. அவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கச்சிராயப்பாளையத்திற்கு அருகிலுள்ள கோமுகி அணையின் உயரம் 46 அடி. அது 56 கோடி கன அடி நீரைக் கொள்ளும். ஒரு சதுர மைல் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்து, அவ்வளவும் ஓடி வந்தால் ஏறக்குறைய 23 லட்சம் கன அடி நீராகும். எனவே 24 சதுர மைல் மலைப் பரப்பில் 10 அங்குல மழை பெய்து முழுவதும் வழிந்து வந்தால், வெறுமையாய்க் கிடக்கும் அணையே நிரம்பிவிடும். பெய்த மழை முழுவதும் ஓடி வருவதில்லை என்பது உண்மைதான். மண்ணும் மரமும் ஒரு பங்கை உறிஞ்சிக் கொள்கின்றன. ஆனால் கார்த்திகை மாதத்தில் மண் ஏற்கெனவே ஊறிப்போயிருக்கும். அணையும் பெருமளவு நிரம்பியிருக்கும். அப்போது மலையிலிருந்து வருவதை வந்தபடியே திறந்து விடுவதைத் தவிர வேறு வழியில்லை. அணை தண்ணீரைத் தேக்குவதற்கு ஏற்பட்டது; பெருவெள்ளத்தை அடியோடு தடுப்பதற்கு ஏற்பட்டதன்று.

2024-ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயல் இப்பாடத்தை மிகுந்த விலைக்குக் கற்பித்தது. அப்புயல் நவம்பர் 30-ஆம் நாள் இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. காற்று அடங்கியதும் ஆபத்து நீங்கியதாகப் பலர் எண்ணினர். ஆனால் மழைமேகம் உள்நாட்டிற்குள் நகர்ந்து, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. அந்நீர் தென்பெண்ணையில் சேர்ந்து சாத்தனூர் அணைக்கு வந்தது. டிசம்பர் 2-ஆம் நாள் விடிவதற்கு முன், அவ்வணையிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அதன் கீழுள்ள திருக்கோவிலூர்ப் பகுதி மக்களுக்கு அபாயம் வந்தது கடலிலிருந்தன்று, மேற்கிலிருந்து. புயல் கரையேறி ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்த பிறகு. அதுவும் ஊர் உறங்கும் வேளையில்.

மேலே மழை பெய்வதற்கும் கீழே வெள்ளம் சேர்வதற்கும் இடையேயுள்ள நேரமே நமக்குக் கிடைக்கும் ஒரே அவகாசம். தென்பெண்ணை போன்ற நீண்ட ஆற்றில் அது பல மணி நேரமாக இருக்கும். மலையடிவாரத்து ஓடைகளிலோ மிகவும் குறைவு. அந்த நேரத்தில் யோசனை செய்யத் தொடங்குகிறவன் தப்புவது அரிது. எங்கே போவது, யார் கிழவரைத் தூக்குவது, எதை எடுப்பது என்பவற்றை ஐப்பசி பிறக்கும் முன்னரே வீட்டார் கூடிப் பேசி முடிவு செய்திருக்க வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களின் முதற்கடமை, எச்சரிக்கை ஊரின் கடைசி வீடு வரை செல்ல வழி காண்பதாகும். தண்டோரா போடும் வழக்கத்தை விட்டு ஒலிபெருக்கியைப் பயன்படுத்த வேண்டும் என்று 2022-இல் அரசு அறிவுறுத்தியது, அது நன்றே. ஆனால் புயலிரவில் மின்சாரம் இராது, கைப்பேசிக் கோபுரமும் ஓய்ந்துவிடும். ஆகவே மின்கலத்தால் இயங்கும் ஒலிபெருக்கி ஒன்றைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் தயாராக வைத்தல் அவசியம். தெருவுக்கு இருவர் வீதம் கதவைத் தட்டி எழுப்புவதற்கு ஆட்களையும் முன்கூட்டியே நியமிக்க வேண்டும். மாவட்ட அவசர உதவிக்கு 1077, மாநிலத்திற்கு 1070 என்ற தொலைபேசி எண்களை ரேஷன் கடைச் சுவரில் பெரிதாய் எழுதிவைக்கலாம்.

தரைப்பாலங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். “தினமும் போகிற வழிதானே” என்ற துணிவே பலரைப் பலி வாங்குகிறது. முழங்காலளவு நீர் வேகமாய் ஓடினால் திடகாத்திரமான ஆளையும் சாய்த்துவிடும். இரண்டடி நீர் காரையே மிதக்கச் செய்யும். பாலத்தின் மேல் நீர் ஏறியதும் இரு பக்கமும் கயிறு கட்டி மறிப்பதற்கு யாருடைய உத்தரவையும் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.

வீட்டைப் பொறுத்தவரை, நில ஆவணங்கள், குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை நீர் புகாத பையில் கட்டிக் கைக்கெட்டும் உயரத்தில் வைக்க வேண்டும். விதை நெல்லும் அவ்வாறே உயரத்தில் இருக்கட்டும். மழை தொடர்ந்து நீடிக்கும்போது மண் சுவர் ஓரமாய்ப் படுப்பது கூடாது; ஊறிய சுவர் மழை நின்ற மறுநாள்கூட இடிந்து விழும். கால்நடைகளை மேட்டிற்கு ஓட்டிச் செல்ல அவகாசம் இல்லையேல் கட்டையாவது அவிழ்த்துவிடுக. கட்டுத்தறியில் நிற்கும் மாடு நீந்த முடியாமல் மாள்கிறது.

மலையின் மேலுள்ள வெள்ளிமலை முதலிய ஊர்களின் நிலைமை வேறு. அங்கே வெள்ளத்தைவிட மண்சரிவும், பாதை அறுந்துபோவதுமே பெருந்தொல்லை. சரிவில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று கலங்கும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அன்றிரவே அங்கிருந்து விலகுதல் நலம். 2024 டிசம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண் சரிந்து 7 உயிர்களைக் கொண்டு போனது நினைவிருக்கலாம். மலைக் குடும்பங்கள் ஒரு வாரத்திற்கு வேண்டிய தானியத்தையும் மருந்தையும் சேமித்திருக்க வேண்டும். பிரசவ காலம் நெருங்கிய பெண்களைப் பாதை திறந்திருக்கும்போதே மருத்துவமனைக்கு அருகில் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும்.

நீர் வடிந்தபின் பாம்புகள் வீட்டு மூலைகளில் ஒண்டியிருக்கும். கடிபட்டால் இறுகக் கட்டுவதும் கீறுவதும் தீமையே. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து 108 வண்டியை அழைக்க வேண்டும்.

நிவாரணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபெஞ்சல் புயலுக்குப் பின், 33 சதவிகிதத்திற்கு மேல் சேதமுற்ற நெற்பயிருக்கு எக்டருக்கு 17,000 ரூபாயும், இறந்த பசுவிற்கும் எருமைக்கும் 37,500 ரூபாயும், ஆட்டிற்கு 4,000 ரூபாயும் அரசு அறிவித்தது. இறந்த மாட்டைப் புதைப்பதற்கு முன் கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் தெரிவித்துப் படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். நீர் நிற்கும் வயலையும் அவ்வாறே வரப்பு தெரியும்படி படமெடுப்பது நல்லது. குத்தகைக்கு உழுபவர் தம் பெயரில் சாகுபடி அடங்கலில் பதிவாகியிருக்கிறதா என்பதை விதைத்த மாதத்திலேயே பார்த்துவிட வேண்டும். வெள்ளம் வந்த பின் அதைச் சரிசெய்வது கடினம்.