இதயத்தின் துப்புரவுப் பணி

கிள்ளானில் என் தாத்தா இதயம் பலவீனமாகி இறந்தபோது, "நேற்றுவரை நல்லாத்தானே இருந்தாரு" என்று பாட்டி புலம்பினார். உயிரியல் பயிலும் எனக்கு அக்கேள்வி இன்னும் மறக்கவில்லை.

நாளொன்றுக்குச் சுமார் 1,00,000 முறை துடிக்கும் இதயத்தின் தசை உயிரணுக்கள் எளிதில் புதிதாகப் பிறப்பதில்லை; இளமையிலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 விழுக்காடே மாறுகின்றன. எனவே, பழுதான புரதங்களை அவை உடனுக்குடன் அகற்ற வேண்டும். யூபிக்குவிட்டின் என்னும் சிறுபுரதம் பழுதானவற்றின்மேல் அடையாளச் சீட்டாக ஒட்டிக்கொள்ளும். புரோட்டியாசோம் அவற்றைத் துண்டாடும். பெரிய குப்பைகளை லைசோசோம் செரிக்கும். பிரிக்பீல்ட்சில் குப்பை லாரி நான்கு நாள் வராவிட்டால் என்னவாகும்? இதயத்திலும் அதே கதைதான்.

2009-இல் தண்டபாணி உள்ளிட்ட ஆய்வாளர்கள், இதயத் தசைப் புரதமொன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதைத் தெற்காசியரில் 100-க்கு ஏறக்குறைய நால்வரிடம் கண்டனர். இளமையில் உயிரணு அக்குறைப்புரதத்தை அகற்றிவிடுகிறது. முதுமையில் துப்புரவு தளர, அது தேங்குகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இக்குறை மட்டுமே இருப்பவர்க்கெல்லாம் நோய் வருவதில்லை என்று பிந்திய ஆய்வுகள் தெளிவுபடுத்தின.

தாத்தாவை எவரும் சோதித்ததில்லை. நண்பர்களே, உங்கள் குடும்பத்தில் இதயத் தசைநோய் இருந்தால், நலமாக இருக்கும்போதே மருத்துவரிடம் சொல்லிச் சோதித்துக்கொள்ளுங்கள்.