மாரிக் குளிரும் வேரடி நீரும்

அல்ப்ஸ் மலைப் பாறைகளில் எடல்வைஸ் என்னும் பல்லாண்டுச் செடி வளர்கின்றது. பகல் குறுகத் தொடங்கியதும் அது தன் உயிரணுக்களில் நீரைக் குறைத்துச் சர்க்கரையைச் சேர்க்கின்றது. தண்டு வாடினும் அடிக்கட்டை பனிப்போர்வையின் கீழ் உறங்கிக் கிடக்கும். உறைகுளிரைத் தாங்கும் இச்செடியைத் தாழ்நிலத் தோட்டங்களில் மாய்ப்பது பெரும்பாலும் மாரிகால ஈரமே. ஆதலால் அதனடியில் சரளைக்கல் பரப்புவர்.

மாங்குளத்தில் உறைபனி இல்லை. ஆயினும் 2022 டிசெம்பரில், மாண்டஸ் சூறாவளியை ஒட்டி வீசிய குளிர்காற்றில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகள் இறந்ததைக் கமக்காரர் மறந்திரார். மிளகாயும் கத்தரியும் வெப்பநாட்டுப் பயிர்கள்; குளிருக்குத் தம்மைப் பதப்படுத்தும் ஆற்றல் அவற்றுக்கு மிகக் குறைவு. குளிர்ந்த மண்ணில் நீரும் தேங்கினால் வேர் மூச்சின்றி அழுகும். மறுநாள் வெயிலில் செடி வாடும். அதனைத் தண்ணீர்க் குறையென எண்ணி மேலும் இறைப்பவரும் உளர்! பெரும்போகத்தில் உயர்ந்த பாத்தியில் நட்டு, மழைக்கு முன்னரே வடிகால் வெட்டுக.

நெல்லுக்கோ நீரே காப்பு. கதிர் வெளிவருவதற்கு ஏறத்தாழ 10 முதல் 12 நாட்களுக்கு முன், குடலைப் பருவத்தில், வெப்பம் சில இரவுகள் தொடர்ந்து 20 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்கினால் மகரந்தம் கெட்டுப் பதர் மிகும். வன்னியில் இது அரிது. எனினும் நேர்ந்தால் விளைச்சல் போய்விடும். அவ்வேளை வயலில் 15 முதல் 20 சென்ரிமீற்றர் நீர் நிறுத்துக. இரவில் நீர் காற்றைவிட வெதுவெதுப்பாயிருத்தலால் மடலுள் இருக்கும் இளங்கதிர் தப்பும். யப்பானின் ஹொக்கைடோத் தீவில் இம்முறை வழக்கிலுள்ளது. நீரை உயர்த்துமுன், அயலிலுள்ள மிளகாய்ப் பாத்திக்குள் அது கசியாதவாறு வரம்பைக் கட்டிக்கொள்க.